ஏழாம் இருக்கை ஏன் பேசவில்லை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அந்தக் கதவு பச்சை நிறம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி சிவப்பு என்கிறாள். கதவுக்குப் பக்கத்திலேயே நின்று நடித்த என் மைத்துனியோ, அதற்கு வர்ணமே அடிக்கவில்லை, அடிப்பதற்குள் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது என்கிறாள். ஒரு கதவின் நிறத்திலேயே இவ்வளவு தகராறு இருக்கும்போது, அன்று என் மனதில் என்ன இருந்தது என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று எனக்கு என்ன தோன்றியது என்பதைப் பார்வையாளர் கருத்து நிலையம் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டுவிட்டது. நல்ல நடையில் எழுதப்பட்ட அறிக்கை. திரும்பத் திரும்பப் படித்ததில், அதில் எது நான் நினைத்தது, எது அவர்கள் நினைத்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் பேச வேண்டியதில்லை, பேசினாலும் கேட்காது. இந்த ஏற்பாடு எனக்கு நன்றாக ஒத்துப்போனது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவள் என் மனைவிதான். நான் பதில் சொல்வதற்குள் ஒரு மழைக்காலம் முழுவதும் போய்விட்டதாகவும், அதற்குள் தான் ஒரு வேலையை விட்டு வேறு வேலைக்கே மாறிவிட்டதாகவும் அவள் எல்லோரிடமும் சொல்வாள். அதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. மழை அந்த வருடம் சீக்கிரமே நின்றுவிட்டது.

அவளுடைய தங்கை நடிகை. 'வானத்தின் மறுகரை' என்ற தொடரைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு விண்கப்பல், ஒரு தலைவன், அவனுடைய வீரர்கள். வாரா வாரம் கப்பலின் கதவு திறக்கும். அவர்கள் ஏதாவதொரு கிரகத்தில் இறங்கி யாரையாவது காப்பாற்றுவார்கள். அந்தக் கதவைத் திறப்பவள் என் மைத்துனி. எல்லாப் பகுதியிலும் வருவாள். ஆனால் தலையில், முகத்தைக் கண்ணாடி மறைத்த கவசம். ஒரே வசனம்: "கதவு திறக்குது. விலகி நில்லுங்க." மற்ற நாள்களில் லிஃப்டுகளுக்குக் குரல் பதிவு செய்து கொடுப்பாள். அங்கும் அநேகமாக அதே வசனம்தான்.

தொடர் முடிந்ததும், அந்தக் கதவுக்காரியை வைத்தே ஒரு கிளைத்தொடர் எடுக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 'கதவுக்காரி' என்றே பெயர். முதல் பகுதியை எடுத்து முடித்துவிட்டார்கள். அவள் முதல் தடவையாகக் கவசத்தைக் கழற்றினாள். மீதிப் பகுதிகளை எடுப்பதா, கதவைப் பிரித்துப் பலகையாக விற்பதா என்பதைக் கருத்து நிலையம் முடிவு செய்ய வேண்டும். பார்வையாளர்களைக் குலுக்கல் முறையில் அழைத்தார்கள். எனக்கு அழைப்பு வந்தது.

"நல்லா இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க," என்றாள் மனைவி. "ரெண்டு வார்த்தைங்கிறது உங்களுக்கு ஒரு மாசச் செலவுன்னு தெரியும். தங்கச்சிக்காகச் செலவு பண்ணுங்க."

"நல்லா இல்லேன்னா?" என்று கேட்டேன்.

"அப்ப ஏன்னு கேப்பாங்க, மூணாவது வார்த்தை வேணுமே. உங்களால முடியாது. ரெண்டோட நிறுத்திக்குங்க."

கருத்து நிலையம் கண்ணாடிக் கட்டடம். லிஃப்டில் ஏறியதும் "கதவு மூடுகிறது" என்றாள் என் மைத்துனி. மேலே ஒரு மேசைக்குப் பின்னால் கருத்து அலுவலர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, களைப்பான சிரிப்பு.

"இந்தத் தொடர்ல நடிச்சவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

நான் யோசித்தேன். நியாயமான கேள்வி. மைத்துனியை எனக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். கிண்டல் செய்வாள். ஆனால் அத்தனை வருடம் கவசத்துக்குள் நின்றவளுக்கு உள்ளே எப்படி இருந்தது என்று ஒருநாளாவது நான் கேட்டிருக்கிறேனா? தெரியும் என்று எந்த அர்த்தத்தில் சொல்வது?

"தெரியாது," என்று அலுவலரே எழுதிக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க," என்றார்.

அரங்கில் ஏழு இருக்கைகள்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் அதில் உட்காருபவரின் கருத்து எழுதப்பட்டிருந்தது. முதல் இருக்கை 'ஆரம்பத்திலேயே பிடிக்காதவர்'. பக்கத்தில் 'பழைய தொடர் போல இல்லை என்பவர்'. பிறகு விஞ்ஞானப் பிழை காண்பவர், கண்ணீர் விடுபவர், தூங்குபவர், முடிவு முன்பே தெரியும் என்பவர். ஏழாவதில் 'சாதாரணப் பார்வையாளர்' என்று இருந்தது. என்னை அதில் உட்காரவைத்து, விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். என் உணர்ச்சிகள் சுவரில் இருந்த திரையில் பச்சைக் கோடாக ஓட ஆரம்பித்தன. ஓட ஆரம்பித்தன என்பதும் மிகைதான். படுத்துக் கிடந்தன.

நிலையத் தலைவர் வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"மக்களோட கருத்துதான் எங்களுக்கு உயிர்," என்றார். "உயிரை யாராவது தெருவுல விட்டு வைப்பாங்களா? அதனாலதான் இங்க பத்திரமா வச்சிருக்கோம். முன்னாடியெல்லாம் படத்தைப் போட்டுக் காட்டிட்டு, என்ன தோணுதோ சொல்லுங்கன்னு கேப்பாங்க. ஆளுக்கொண்ணு சொன்னாங்க. அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பார்த்ததுக்கு அப்புறம் ஒருத்தர் சொல்ற கருத்து, பார்த்ததால கெட்டுப்போன கருத்து. இங்க அந்தப் பிரச்சினையே கிடையாது. கருத்து முதல்லயே தயாரா இருக்கும். நீங்க வந்து உட்கார்ந்தா போதும். இப்ப ஒத்திகை பார்த்துடலாமா?"

ஒத்திகை நடந்தது. இரண்டாம் இருக்கைக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். "பழசு மாதிரி வரல," என்று அவர் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. இன்னும் எதையும் காட்டவில்லை என்பதை நினைத்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அலுவலர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார். கண்ணீர் விடுபவர் ஒரு தபால்காரப் பெண். ஒரு கண்ணில் மட்டும் வந்ததால் மறுபடி அழச் சொன்னார்கள். தூங்குபவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒத்திகை வேண்டாம் என்றுவிட்டார்.

"எத்தனையோ வருஷமா இதே சீட்டுதான் தம்பி," என்று என்னிடம் சொன்னார். "வண்டி ஓட்டினப்போ தூங்க முடியல. அந்தப் பாக்கியை இங்க தீர்த்துக்கறேன். டைட்டில் முடியறதுக்குள்ள நான் போயிடுவேன். குறட்டை வந்தா தப்பா நினைச்சுக்காத, அதையும் பதிவு பண்றாங்க."

"நான் என்ன சொல்லணும்?" என்று அலுவலரைக் கேட்டேன்.

"நீங்க சாதாரணப் பார்வையாளர். உங்களுக்குத் தோணுறதைச் சொல்லலாம்," என்று சற்றே தயக்கத்துடன் சொன்னார். "அந்த ஆறு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கழிச்சுடுவாங்க. உங்களுதை வச்சுத்தான் முடிவு. ஆனா விளக்கு போட்ட உடனே சொல்லிடணும். ஆறிப்போச்சுன்னா சட்டப்படி செல்லாது."

விளக்கு அணைந்தது.

விண்கப்பலில் யாரும் இல்லை. போர் முடிந்து வீரர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். கதவுக்காரியிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவள் காலையில் எழுந்து, சீருடையைப் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். சாப்பிடுகிறாள். மறுபடி வந்து நிற்கிறாள். ஒருநாள் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள். திறக்கச் சொல்ல ஆளில்லாததால் திறப்பதில்லை. அப்போது வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வெளியே கும்மிருட்டு, பக்கத்தில் ஒரு கிரகம்கூடக் கிடையாது. அவள் கைப்பிடியில் கை வைக்கிறாள். எடுத்துவிடுகிறாள். தரையில் உட்கார்ந்து கதவில் காதை வைக்கிறாள். மறுபடியும் தட்டல். அவள் திறக்கவில்லை. முதன்முதலாக அவளுக்கென்று ஒரு வசனம்: "யாரு?" அவ்வளவுதான். பகுதி முடிந்துவிட்டது.

விளக்கு போட்டார்கள்.

ஒத்திகை பார்த்தபடியே எல்லாம் வரிசையாக நடந்தது. ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. பழசு மாதிரி வரவில்லை. "ஆகாயத்துல காத்து கிடையாது, தட்டுற சத்தம் எப்படிக் கேக்கும்?" என்றார் மூன்றாமவர். "கதவு இரும்புதானே சார், இந்தப் பக்கம் கேக்கும்," என்று மூக்கை உறிஞ்சியபடி சொல்லிவிட்டார் தபால்காரப் பெண். தன் வரிசைக்கு வெளியே பேசியதற்காக அவரைக் கண்டித்தார்கள்.

ஐந்தாம் இருக்கையில் ஒரு குழப்பம். ஓட்டுநர் விழித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?" என்றார் தலைவர்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் ஓட்டுநர். "யாரு தட்டினதுன்னு தெரியாம எப்படித் தூங்குறது?"

ஒழுங்கு மீறல் என்று எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

நான் பேசுவதாகத்தான் இருந்தேன். புதுக் கண்ணாடி போட்டவரிடம் கடைக்குள்ளேயே வைத்து நன்றாகத் தெரிகிறதா என்று கேட்கக் கூடாது. அவர் தெருவில் இறங்கி, மறுமுனை வரை நடந்து, திரும்பி வர வேண்டும். எனக்கும் அப்படித்தான். அவள் கதவில் காதை வைத்த இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லோருக்கும் திறந்துவிட்டவள் தனக்காகத் திறக்கும்போது ஏன் பயப்படுகிறாள்? பயமா அது? எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க," என்றார் அலுவலர்.

"சொல்லுங்க சார்," என்றார் தலைவர்.

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். கவ்வியை விரல் மாற்றி மாட்டினார்கள். கோடு படுத்தே கிடந்தது. ஒரு டாக்டர் வந்து என் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, பாதையில் அடைப்பு இல்லை என்று சான்று கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் நான் முதல் வார்த்தையை எடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் "சொல்லுங்க" என்பார். எடுத்த வார்த்தை உள்ளே போய்விடும்.

மாலைக்குள் நிலையத்தில் மௌனப் பிரிவு என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு ஓர் அறை, வாசலில் ஒரு பலகை, பலகையைத் துடைக்க ஒருவர். இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். இது கடும் வெறுப்பின் மௌனம் என்றார் ஒருவர். பரவசத்தின் மௌனம் என்றார் மற்றவர். என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வாதாடினார்கள். இருவர் சொன்னதும் எனக்கு நம்பும்படியாகவே இருந்தது. மறுநாள் காலை அறிக்கை 'ஏழாம் இருக்கை கடும் அதிருப்தி. வாய் திறக்க மறுப்பு' என்றது. மாலை அறிக்கை 'சொல்லில் அடங்காத பேரின்பம்' என்றது. பலகை துடைப்பவர் மட்டும், "அவருக்கு வீட்டுக்குப் போகணும்போல இருக்கு," என்றார். அது அறிக்கையில் வரவில்லை.

இரவு மட்டும் வீட்டுக்கு விட்டார்கள். போனால் மைத்துனி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பிடிச்சுதா, இல்லையா?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"இருடி, வருது," என்றாள் மனைவி.

"எப்பக்கா வரும்?"

"என்கிட்ட கேக்காத. நான் ஒரு மழைக்காலம் பார்த்தவ."

"கருத்து வரலேன்னா வெள்ளிக்கிழமை கதவைக் கழட்டிடுவாங்கக்கா. சமையல் போட்டி நடத்துறவங்க, காய் நறுக்குற மேசைக்கு நல்லா இருக்கும்னு கேட்டிருக்காங்க." அவள் சிரிக்கத்தான் முயன்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமா எல்லாருக்கும் திறந்து விட்டேன் மாமா. போறவங்க ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல. எனக்குன்னு வந்து தட்டினது இப்பத்தான். அது யாருன்னு எனக்கே இன்னும் சொல்லல. அடுத்த பகுதி எடுத்தாத்தான் சொல்லுவாங்களாம்."

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அந்தத் தொடரை அத்தனை வாரம் பார்த்தேன். கதவைத் தாண்டி வெளியே என்ன இருக்கிறது என்றுதான் பார்த்திருக்கிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

"சரி, நான் கிளம்பறேன்," என்றாள் அவள். "மாமா இப்பதான் முதல் எழுத்துல இருக்காரு."

வியாழக்கிழமை தலைவர் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். மௌனத்தைக் குணப்படுத்துவதைவிட, மௌனத்தை உண்டாக்கிய இடங்களை அகற்றிவிடுவது எளிது. கோடு அசையாத இடங்களை எல்லாம் வெட்டச் சொன்னார். கோடு எங்கும் அசையவில்லை என்பதால், தலைப்பும் கதவும் மட்டுமே மிஞ்சின. நடுவில் பழைய தொடரிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை மறுபடி எங்களை உட்காரவைத்தார்கள். அன்று மௌனப் பிரிவுக்கு நிறைவு விழாவும் நடந்தது. அதன் தலைமை நிபுணருக்குப் பெரிய அறை ஒன்று கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

புதிய வடிவத்தில், கதவு தட்டப்பட்ட உடனே அவள் திறக்கிறாள். கவசத்தோடுதான். "கதவு திறக்குது. விலகி நில்லுங்க" என்கிறாள். பழைய தலைவன் கையை விரித்துக்கொண்டு உள்ளே வருகிறான். இசை. வாணவேடிக்கை. ஆகாயத்தில் வாணவேடிக்கைக்கு மூன்றாம் இருக்கைக்காரர் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த தாளில் அது இல்லை. ஓட்டுநர் தலைப்பு முடிவதற்குள் அருமையாகக் குறட்டை விட்டார்.

விளக்கு போட்டார்கள்.

"அவ ஏன் திறந்தா?" என்றேன்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அலுவலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "பேசிட்டாரு," என்றார். தபால்காரப் பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் வந்தது. தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் கவ்வி கழன்று, பச்சைக் கோடு ஒரு துள்ளுத் துள்ளியது. அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

"எழுதிக்குங்க," என்றார் தலைவர். "திருத்தப்பட்ட பகுதி சாதாரணப் பார்வையாளரைப் பேச வைத்தது. அஞ்சாம் இருக்கை முறைப்படி தூங்கியது. எல்லாரும் அவங்கவங்க வேலையைச் செஞ்சிருக்காங்க. மிகச் சிறந்த தொடக்கம். இதையே ஒளிபரப்பலாம்."

"முதல்ல காட்டினதையே போடுங்க," என்றேன்.

தலைவர் பரிவோடு என்னைப் பார்த்தார். "அது கருத்து இல்லைங்க. கோரிக்கை. கோரிக்கைக்கு எதிர்க் கட்டடம். அங்க இருக்கறவரு விடுப்புல போயிருக்காரு. இங்க கருத்து மட்டும்தான். சொல்லுங்க, கேக்கறோம்."

கருத்து. சரி. அந்தப் பெண் கதவில் காதை வைத்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். இல்லை, ஆணியில் கவசத்தை மாட்டியதிலிருந்து. அதற்கும் முன்னால், போகிறவர்கள் திரும்பிப் பார்க்காததிலிருந்து.

கவ்வியை மறுபடி மாட்டினார்கள். கோடு படுத்தது.

அலுவலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கோட்டைப் பார்த்தார். வாசலில், மௌனப் பிரிவின் கழற்றிய பலகையைக் கையில் வைத்திருந்தவர் அப்படியே நின்றார்.

"வேணாம் சார்," என்றார் தலைவர். குரல் இறங்கியிருந்தது. "இப்பத்தான் நிறைவு விழா நடத்தி முடிச்சோம். மறுபடி ஆரம்பிச்சா அந்த அறையைத் திருப்பி வாங்கணும். அவரு தர மாட்டாரு. பரவசமா வெறுப்பான்னு மறுபடி ரெண்டு பேரை உட்கார வைக்கணும். சார். சார், ஏதாவது சொல்லுங்க."

எடுத்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

"போட்டுடுங்க சார்," என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார் ஓட்டுநர். "முதல்ல காட்டினதுல நான் தூங்கல."

"அதுக்குத்தான் உங்க மேல விசாரணை நடக்குது, நீங்க தூங்குங்க," என்றார் தலைவர். பிறகு என் பக்கமாகக் குனிந்தார். "முதல்ல காட்டினதையே போட்டா, நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

தலையசைத்தேன். இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவரே படப்பிடிப்புத் தளத்துக்குத் தொலைபேசியில் பேசி, கதவைக் கழற்றுவதை நிறுத்தச் சொன்னார். அதற்குள் ஒரு கீலைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதனால் இரண்டாம் பகுதியிலிருந்து கதவு கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். அதன் உட்பொருள் பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன. நான்கூட இரண்டைப் படித்தேன். சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

'கதவுக்காரி' எல்லாப் பகுதிகளும் வந்து முடிந்துவிட்டது. முதல் பகுதி ஒளிபரப்பான அன்று கருத்து நிலையத்துக்குச் சற்று நேரம் ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. இணைப்புப் பழுது என்று பதிவு செய்து ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். தலைவர் பதவி உயர்வு பெற்று, மௌனத்துக்கென்றே தனியாகக் கட்டியிருக்கும் நிலையத்தில் இருக்கிறார். அங்கே கூட்டம் நடக்காத நாளில்லை என்கிறார்கள். அலுவலர் கோரிக்கைக் கட்டடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஆசிரியர், புதுத் தொடர் முடிந்ததும் அடுத்து வருவது இது மாதிரி இருக்காது என்று இப்போதே வருத்தப்படுகிறாராம். தபால்காரப் பெண்ணுக்குத் தொடரிலேயே அழுகிற வேடம் ஒன்று கிடைத்தது. ஓட்டுநரை விழித்திருந்த குற்றத்துக்காக நீக்கிவிட்டார்கள். அவர் ஒவ்வொரு வாரமும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, ஒரு தடவைகூடக் கண்ணை மூடாமல் தொடர் முழுவதையும் பார்த்தார். தட்டியது யார் என்று தெரிந்த அன்று, "எனக்கு அப்பவே தெரியும்," என்றார். அது ஆறாம் இருக்கையின் கருத்து என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

மைத்துனியைத் தெருவில் எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது. லிஃப்டுகளில் இன்னும் அவள் குரல்தான்.

கடைசிப் பகுதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவளிடம், முதல் பகுதி நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவள் குழாயை மூடாமலே திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து மனைவி, "வந்துடுச்சா?" என்று கேட்டாள். "வந்துடுச்சுக்கா," என்றாள் அவள்.